ஸ்டெனோ கீபோர்டு செய்வது எப்படி: ஸ்பிரிங்கும் ஒயரும் முதல்முறை தொடுபவர்களுக்கு

சுருக்கெழுத்து என்றால் நம் ஊரில் பென்சில், கோடு போட்ட நோட்டு, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில் நடக்கும் பிட்மன் வகுப்பு. இங்கே சொல்லப்போவது அதுவல்ல. அமெரிக்க நீதிமன்றங்களில் சாட்சி பேசப் பேச, ஒரு சின்ன இயந்திரத்தின் முன் உட்கார்ந்து சத்தமே இல்லாமல் தட்டிக்கொண்டிருப்பார்களே, அந்த ஸ்டெனோடைப். 1910களில் டல்லாஸ் நகரத்து நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர் வார்ட் ஸ்டோன் அயர்லாந்து அமைத்த கீ வரிசைதான் பெரிய மாற்றமில்லாமல் இன்றும் ஓடுகிறது. அங்கே தொழில்முறைச் சான்றிதழ் வாங்க, கேள்வி-பதில் சாட்சியத்தை நிமிடத்துக்கு 225 சொல் வேகத்தில், 95 சதவீதம் பிழையில்லாமல் எடுத்துக் காட்ட வேண்டும். நம் அரசு டைப்ரைட்டிங் தேர்வில் ஹையருக்கு 45 சொல் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த வேகம் புரியும்.

இந்த இயந்திரம் ரொம்ப நாள் தொழில்காரர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. புதிய இயந்திரம் ஆயிரக்கணக்கான டாலர், அதற்கான மென்பொருள் தனியாக இன்னொரு தொகை. 2010ல் நியூயார்க்கில் காது கேளாதவர்களுக்காகப் பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கும் வேலை செய்துவந்த மிராபாய் நைட், புரோகிராமர் ஜோஷுவா ஹார்லன் லிஃப்டனோடு சேர்ந்து ப்ளோவர் என்ற இலவச மென்பொருளைத் தொடங்கினார். மென்பொருள் செலவு போனதும் மிஞ்சியது இயந்திரம். அதையும் வீட்டு மேஜையிலேயே செய்துகொள்ளலாம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. ஜார்ஜி, யூனி, ஸ்டெனோமாட், ஸ்ப்ளிட்டோகிராஃபி என்று பல சிறு கீபோர்டுகள் அப்படி வந்தவைதான்.

இதில் இறங்க எலக்ட்ரானிக்ஸ் படித்திருக்க வேண்டியதில்லை. சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தால் போதும். தெரியாவிட்டாலும் பழைய ரேடியோ போர்டு ஒன்றில் ஒரு மாலை பழகினால் வந்துவிடும்.

முதலில் கீகளைப் புரிந்துகொள்ளுங்கள்

ஆர்மோனியத்தில் நாலு கட்டையைச் சேர்த்துப் பிடிப்பதுபோல, ஸ்டெனோவில் பல கீகளை ஒன்றாக அழுத்தி ஒன்றாக விட வேண்டும். ஒரு அழுத்தத்துக்கு ஒரு அசை, பல சமயம் ஒரு முழுச் சொல். கீகள் மொத்தம் 23தான். இடது கையில் அசை தொடங்கும் மெய்கள்: எஸ், டைகரின் டி, கே, பென்சிலின் பி, டபிள்யூ, ஹெச், ஆர். கட்டைவிரல்களுக்கு உயிர்கள்: ஏ, ஓ, ஈ, யூ. வலது கையில் அசை முடியும் மெய்கள்: எஃப், ஆர், பென்சிலின் பி, பாம்பேயின் பி, எல், ஜி, டைகரின் டி, எஸ், டாக்டரின் டி, இசட். நடுவில் ஸ்டார், தனியாக அடித்தால் கடைசி அழுத்தத்தை அழித்துவிடும். அப்புறம் எண்களுக்கு நம்பர் பார்.

இடது கையில் எல் இல்லை, ஒய் இல்லை, இன்னும் பல இல்லை. இல்லாததை இருப்பதை வைத்துச் செய்துகொள்கிறார்கள். ஹெச், ஆர் இரண்டையும் சேர்த்தால் எல். கே, டபிள்யூ, ஆர் மூன்றும் சேர்ந்தால் ஒய். கால் என்று பொருள்படும் 'லெக்' வேண்டுமானால் ஹெச், ஆர், ஈ, ஜி நான்கும் ஒரே அழுத்தம்.

ஹெச் மேல் வரிசை, ஆர் அதற்கு நேர் கீழே. இரண்டும் இடது ஆள்காட்டி விரலுக்கு உரியவை. ஒரு விரல், இரண்டு கீ. அப்படியானால் விரல் நுனி இரண்டு கீகளுக்கும் நடுவே உள்ள பிளவில் போய் விழுந்து இரண்டையும் சேர்த்து இறக்க வேண்டும். எல் வரும் ஒவ்வொரு அசையிலும் இது நடக்கும். மற்ற விரல்களுக்கும் இதே கதைதான்.

ஒரு ஸ்டெனோ கீபோர்டு நல்லதா இல்லையா என்பதை அந்தப் பிளவும் கீக்கு அடியில் உள்ள ஸ்பிரிங்கின் கனமும்தான் தீர்மானிக்கின்றன. எந்தச் சிப், எந்த ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்), பெட்டி மரமா பிளாஸ்டிக்கா என்பதெல்லாம் அடுத்த பேச்சு. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள்: ஒரு வாரம் சிப் தேடி, ஒரு வாரம் பெட்டிக்குப் பெயின்ட் தேடி, கடைசியில் கையில் கிடைத்த ஸ்விட்சைப் போட்டு முடிப்பார்கள். அடித்துப் பார்த்தால் அரை மணியில் சுண்டுவிரல் வலிக்கும்.

படி 1: கையில் இருக்கும் கீபோர்டில் அடித்துப் பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் ப்ளோவரை இறக்கி நிறுவுங்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இயந்திரம் எது என்று கேட்கும் இடத்தில் கீபோர்டு என்று வைத்தால், சாதாரணக் கீபோர்டே ஸ்டெனோ இயந்திரமாக நடிக்கும். மேல் வரிசையும் ஹோம் ரோவும் மெய்கள். நடுவில் டைகரின் டி, ஜி, ஒய், ஹெச் நான்கும் ஸ்டார். கீழே சி, வி, என், எம் நான்கும் கட்டைவிரல்களுக்கான உயிர்கள். எண் வரிசை முழுவதும் நம்பர் பார்.

இதில் ஒரு தடங்கல் வரலாம். பல கீபோர்டுகள் ஒரே நேரத்தில் பல கீகளை அழுத்தினால் சிலவற்றை விழுங்கிவிடும். காரணம் இரண்டு. உள்ளே கீகளை வரிசை-நெடுவரிசை வலையாக இணைத்திருப்பார்கள். ஒவ்வொரு கீக்கும் டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் குட்டிப் பொருள்) போடாவிட்டால் சில கூட்டணிகளில் எது அழுந்தியது என்று அதற்கே தெரியாது. இன்னொன்று, பழைய யூஎஸ்பி முறையில் ஒரு தடவைக்கு ஆறு கீகளுக்கு மேல் அனுப்ப இடமில்லை. சோதிப்பது எளிது: நோட்பேடைத் திறந்து, இரு கைகளின் எட்டு விரல்களையும் மேல் வரிசையில் வைத்து ஒன்றாக அழுத்துங்கள். எட்டு எழுத்தும் வந்தால் பரவாயில்லை. ஐந்தோ ஆறோ வந்தால் அந்தக் கீபோர்டு இதற்கு ஆகாது. விற்பனைப் பெட்டியில் 'என்-கீ ரோல்ஓவர்' என்று போட்டிருக்கும் கேமிங் கீபோர்டுகள் பெரும்பாலும் தேறும்.

சில வாரம் அடித்துப் பாருங்கள். இணையத்தில் இலவசப் பயிற்சித் தளங்கள் இருக்கின்றன. டைப்பி டைப் அதில் ஒன்று. பிடிக்காவிட்டால் செலவு எதுவும் இல்லாமல் விலகிக்கொள்ளலாம். பிடித்தால், எந்த விரல் எங்கே தடுமாறுகிறது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அந்த விவரம் பின்னால் உதவும்.

படி 2: ஸ்பிரிங்கை மாற்றுங்கள்

மாற்றம் செய்யத் தொடங்கும் இடம் இதுதான். சாதாரண மெக்கானிக்கல் கீபோர்டில் உள்ள செர்ரி எம்எக்ஸ் சிவப்பு ஸ்விட்ச் அழுந்த சுமார் 45 கிராம் விசை வேண்டும், கறுப்புக்கு 60. ஒரு விரல், ஒரு கீ என்றால் இது லேசுதான். இரண்டு கீயை ஒரே விரலால் இறக்கும்போது 90, 120 என்று ஏறிவிடும். அதை நாள் முழுக்கச் செய்ய முடியாது. கேட்ரான் கிளியர் ஸ்விட்சுக்கு 35 கிராம். கெய்ல் சாக் என்ற குட்டை ஸ்விட்ச் வகையில் 20 கிராம் வரை கிடைக்கிறது.

'டக்' என்று தட்டும் ப்ளூவும், மேடு தட்டுப்படும் பிரௌனும் வேண்டாம். வழுவழுவென்று நேராக இறங்கும் லீனியர் வகைதான் ஸ்டெனோவுக்கு ஏற்றது. சேர்ந்து இறங்கும் இரண்டு கீகளில் ஒன்று மேட்டில் தடுக்கி நின்றால் விரல் சாய்ந்துவிடும்.

ஸ்விட்சைக் கழற்றி மாட்டக்கூடிய ஹாட்ஸ்வாப் கீபோர்டு இருந்தால் சால்டரிங்கே தேவையில்லை. ஸ்விட்சைப் பிடுங்கி, நாலு கொக்கிகளையும் ஸ்விட்ச் ஓப்பனரால் நெம்பினால் மூடி கழன்று வரும். உள்ளே மூன்றே பொருள்: மேலே தண்டு, அதற்கடியில் ஸ்பிரிங், கீழ்ப்பெட்டியின் ஓரத்தில் செம்பு நிறத்தில் மெல்லிய தகடு. பழைய ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு லேசான ஸ்பிரிங்கை நடுக் குச்சியில் உட்கார வையுங்கள். தண்டின் ஒரு பக்கத்தில் இரண்டு குட்டிக் கால்கள் இருக்கும். அவை செம்புத் தகட்டைப் பார்த்தபடி இறங்க வேண்டும். மாறி வைத்தால் அந்தக் கீ வேலை செய்யாது. தகட்டை விரலால் தொட வேண்டாம், வளைந்தால் திரும்பாது. தண்டின் இரு ஓரங்களிலும் பெயின்ட் பிரஷ் நுனியால் துளி கிரீஸ் தடவலாம். கால்களில் மட்டும் தடவாதீர்கள்.

எவ்வளவு லேசு நல்லது? இங்கே ஆளுக்கு ஆள் கருத்து மாறும். 20 கிராமுக்கும் கீழே போனால் கனமான கீகேப் (கீயின் மேல்மூடி) போட்ட ஸ்விட்ச் சில சமயம் மேலே எழும்பத் தயங்கும். விரலைக் கீகள்மேல் சாய்த்து ஓய்வெடுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குத் தானாக அழுந்திவிடும். முதல் கீபோர்டுக்கு 25 முதல் 35 கிராம் சரியாக இருக்கும் என்பது என் எண்ணம். எல்லாக் கீக்கும் ஒரே ஸ்பிரிங் போட வேண்டும் என்றும் இல்லை. சுண்டுவிரலுக்குக் கொஞ்சம் லேசானதும் கட்டைவிரலுக்குக் கொஞ்சம் கனமானதும் போட்டுப் பாருங்கள். கட்டைவிரல்தான் எப்போதும் பலமாக இறங்கும்.

படி 3: பிளவை அடையுங்கள்

டிஎஸ்ஏ என்ற சமமான கீகேப்பை எடுத்து மேல்பக்கத்தை அளந்தால் 12.7 மில்லிமீட்டர். ஆனால் கீயின் மையத்திலிருந்து அடுத்த கீயின் மையத்துக்கு 19.05. அதாவது இரண்டு கீகளின் மேல்பரப்புக்கு நடுவே ஆறு மில்லிமீட்டருக்கும் மேலான பள்ளம். விரல் நுனி அதில் இறங்கி, இரு பக்கச் சரிவிலும் உரசி, சில சமயம் ஒரு கீயை மட்டும் அழுத்தும். அதோடு சாதாரணக் கீபோர்டில் மேல் வரிசை ஹோம் ரோவைவிடக் கால் கீ அளவு இடதுபக்கம் தள்ளியிருக்கும். ஆகவே ஜோடிக் கீகள் நேர் மேலும் கீழுமாகவும் இல்லை.

இதற்கு மலிவான வழி டாப்பர். மூன்று மில்லிமீட்டர் அக்ரிலிக்கில் வெட்டிய, அல்லது 3டி பிரின்டரில் அடித்த சின்னத் தட்டையான துண்டுகளைக் கீகேப் மேல் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுகிறோம். மேல் வரிசைத் துண்டுகளைச் சற்று வலப்பக்கம் தள்ளி ஒட்டினால் கீழ் வரிசையோடு நேராகிவிடும். இரண்டு துண்டுகளுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர் விட்டால் போதும்; விரல் சமதளத்தில் இறங்கும், ஆனால் கோடு எங்கே இருக்கிறது என்று நுனிக்குத் தெரியும். விளிம்புகளை மெல்லிய உப்புத்தாளால் மழுங்கடிக்க மறக்காதீர்கள்.

ஒட்டும் முன் துண்டுகளை வெறுமனே வைத்து, ஒவ்வொரு ஜோடியையும் அழுத்திப் பாருங்கள். ஒன்று இறங்கும்போது பக்கத்தில் இருப்பது உரசிக்கொண்டு கூடவே இறங்கினால் இடைவெளி போதவில்லை. டைப்பிங்குக்கும் அதே கீபோர்டு வேண்டும் என்பவர்கள், டாப்பர் ஒட்டிய கீகேப் ஒரு செட் தனியாக வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவார்கள்.

பலர் இந்த மூன்று படியோடு நின்றுவிடுகிறார்கள். அதில் தப்பே இல்லை.

படி 4: சொந்தக் கீபோர்டு, டயோடு இல்லாமல்

இணையத்தில் கீபோர்டு செய்வது பற்றிப் படித்தால் டயோடு, மேட்ரிக்ஸ் (மேலே சொன்ன வரிசை-நெடுவரிசை வலை), பிசிபி (அச்சிட்ட சர்க்யூட் போர்டு) என்று வரிசையாக வரும். நூறு கீ உள்ள கீபோர்டுக்கு அது தேவை, ஏனென்றால் சிப்பில் ஒயர் இணைக்க நூறு பின் (இணைப்புக் கால்) கிடையாது. ஸ்டெனோவுக்கு 23 சிக்னல்தான். 2021ல் 4 டாலர் விலையில் வெளிவந்த ராஸ்பெரி பை பைக்கோ போர்டில் நாம் பயன்படுத்தக்கூடிய பின்கள் 26. பின்களின் பெயர்களில் ஜிபி0 முதல் ஜிபி22 வரை வரிசையாக எண்ணினால் சரியாக 23! ஒரு கீக்கு ஒரு பின், மறுபக்கம் எல்லாவற்றுக்கும் பொது கிரவுண்டு. வலையே இல்லாததால் எத்தனை கீ சேர்த்து அழுத்தினாலும் ஒன்றும் விழுங்கப்படாது. முதல்முறை செய்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இந்த வழியில் போகலாம்.

வேண்டிய பொருட்கள்: பைக்கோ ஒன்று, லீனியர் ஸ்விட்ச் 26, தட்டையான கீகேப், மெல்லிய ஒயர், கிரவுண்டுக்குக் காப்பு இல்லாத கம்பி, மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், 60/40 ஈயம். டேட்டா செல்லும் யூஎஸ்பி கேபிள் ஒன்றும் வேண்டும். சார்ஜ் மட்டும் செய்யும் கேபிளை வைத்துக்கொண்டு போர்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. சென்னைக்காரர்களுக்கு இதில் பாதி ரிச்சி ஸ்ட்ரீட்டிலேயே கிடைத்துவிடும். லேசான ஸ்விட்ச், ஸ்பிரிங் வகையறாவைத்தான் ஆன்லைனில் தேட வேண்டியிருக்கும்.

23 கீக்கு ஏன் 26 ஸ்விட்ச்? இடது ஓரத்து எஸ் மேலிருந்து கீழ்வரை நீளமான ஒரே கீ. நாம் அதற்கு இரண்டு ஸ்விட்ச் வைத்து இரண்டையும் ஒரே பின்னுக்குக் கொண்டுபோகிறோம். ஸ்டாருக்கும் அப்படியே இரண்டு, நம்பர் பாருக்கும் இரண்டு. பழைய இயந்திரங்களில் நம்பர் பார் மேலே நீளமாக ஓடும். வீட்டில் செய்யும்போது கட்டைவிரல் கீகளுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்று வைப்பது சுலபம்.

தட்டு அமைப்பு: மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை, இரண்டும் நேர் நெடுவரிசையாக. இடமிருந்து வலமாக எஸ், அடுத்து இடது கையின் மூன்று ஜோடிகள், ஸ்டார், அப்புறம் வலது கையின் ஐந்து ஜோடிகள். கட்டைவிரல் கீகள் நான்கும் கீழே தனியாக, ஆள்காட்டி விரல்களுக்குச் சற்று உள்பக்கம். எங்கே என்று அளவு சொல்ல மாட்டேன். ஒரு அட்டையில் இரு கைகளையும் தளர்வாக வைத்து, விரல் நுனிகள் விழும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். கட்டைவிரல் மடங்காமல் எங்கே விழுகிறதோ அங்கே கீ. அட்டையில் ஒரு நாள் பொய்யாக அடித்துப் பார்த்துவிட்டுத்தான் தட்டு வெட்டக் கொடுக்க வேண்டும்.

ஸ்விட்ச் உட்காரும் ஓட்டை 14க்கு 14 மில்லிமீட்டர் சதுரம். தட்டு 1.5 மில்லிமீட்டர் கனம் இருந்தால் ஸ்விட்சின் கொக்கி 'க்ளிக்' என்று பிடித்துக்கொள்ளும். லேசர் கடையில் எளிதாகக் கிடைக்கும் 3 மில்லிமீட்டர் அக்ரிலிக்கில் கொக்கி பிடிக்காது. பின்பக்கம் ஹாட் குளூ வைத்து நிறுத்த வேண்டும். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் வேலை நடக்கும். மையத்துக்கு மையம் 19.05 என்பது வழக்கம். சாக் ஸ்விட்ச் என்றால் மேலும் கீழும் 17 மில்லிமீட்டர் போதும், பிளவும் தானாகவே குறுகிவிடும். அதனாலேயே பல ஸ்டெனோ கீபோர்டுகள் சாக் வகைக்குப் போகின்றன.

இனி ஒயர். தட்டைக் கவிழ்த்தால் ஒவ்வொரு ஸ்விட்சிலும் இரண்டு கால் தெரியும். எல்லாவற்றிலும் ஒரே பக்கத்துக் காலைத் தேர்ந்தெடுத்து, அவற்றைக் காப்பில்லாத கம்பியால் ஒன்றோடொன்று தொடுத்து, கடைசி முனையைப் பைக்கோவின் ஏதாவது ஒரு கிரவுண்டு பின்னில் சேருங்கள். மீதமுள்ள காலிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒயர், ஒவ்வொரு பின்னுக்கு. எது எந்தப் பின்னுக்குப் போகிறது என்று தாளில் எழுதிக்கொண்டே போங்கள். பின்னால் ஃபர்ம்வேரில் அதே பட்டியல்தான் வேண்டும். சிக்னல் காலில் இருக்கும் ஈயப் பற்று கிரவுண்டுக் கம்பியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அயர்ன் சுமார் 350 டிகிரி; காலையும் ஒயரையும் சேர்த்துச் சூடாக்கிவிட்டு ஈயத்தைக் காட்டினால் அது தானாக ஓடிப் பரவும். உருண்டையாக நின்றால் பற்று சரியில்லை, மறுபடி சூடாக்குங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள், முடித்ததும் கையைக் கழுவுங்கள். ஈயம் விளையாட்டுப் பொருள் இல்லை.

கம்ப்யூட்டரில் சொருகும் முன் மல்டிமீட்டரை 'பீப்' நிலையில் வைத்து, ஒரு முனையைக் கிரவுண்டிலும் இன்னொன்றை வரிசையாக ஒவ்வொரு பின்னிலும் வைத்து, அதற்குரிய கீயை அழுத்துங்கள். அழுத்தினால் மட்டும் பீப் வர வேண்டும். அழுத்தாமலே வந்தால் எங்கோ தொட்டுக்கொண்டிருக்கிறது. இந்தப் பத்து நிமிடம் பின்னால் வரும் இரண்டு மணி நேரக் குழப்பத்தை மிச்சப்படுத்தும்.

படி 5: ஃபர்ம்வேர்

கியூஎம்கே என்பது கீபோர்டுகளுக்கான திறந்தமூல ஃபர்ம்வேர்; பைக்கோவில் உள்ள ஆர்பி2040 சிப்பிலும் ஓடும். அதில் மேட்ரிக்ஸ் இல்லாமல் நேரடியாகப் பின்களைக் குறிக்கும் முறை இருக்கிறது. நீங்கள் எழுதி வைத்த பட்டியலை அங்கே கொடுத்து, ஸ்டெனோ வசதியை இயக்கி, கம்ப்யூட்டரோடு பேசும் முறையாக (புரோட்டோகால்) ஜெமினி பிஆர் என்று வையுங்கள். டிஎக்ஸ் போல்ட் என்று இன்னொன்றும் இருக்கும். ஜெமினியில் எல்லாக் கீகளின் நிலையும் ஒரே பொட்டலமாகப் போகிறது. புதிதாகச் செய்பவர்களுக்கு அதுவே நல்லது.

கம்பைல் செய்த (சிப்புக்குப் புரியும் வடிவுக்கு மாற்றிய) கோப்பு கிடைத்ததும், பைக்கோவில் உள்ள வெள்ளை பூட்செல் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே கேபிளைச் சொருகுங்கள். பென் டிரைவ் மாதிரி ஒன்று திரையில் தோன்றும். கோப்பை இழுத்து அதில் போட்டால் வேலை முடிந்தது. டிரைவ் மறைந்து கீபோர்டாக மீண்டும் வரும்.

ப்ளோவரில் இயந்திர வகையை ஜெமினி பிஆர் என்று மாற்றி, ஸ்கேன் அழுத்தி, வரும் போர்ட்டைத் தேர்ந்தெடுங்கள். உபுண்டு போன்ற லினக்ஸில் போர்ட் தெரிந்தும் இணையவில்லை என்றால், உங்கள் பயனர் கணக்கை டயல்அவுட் குழுவில் சேர்த்துவிட்டு லாக்அவுட் செய்து வாருங்கள். பிறகு, அழுத்திய கீகளைக் காட்டும் பேப்பர் டேப் சாளரத்தைத் திறந்து, இடமிருந்து வலமாக ஒவ்வொரு கீயாக அழுத்தி எழுத்து சரியாக விழுகிறதா என்று பாருங்கள். இரண்டு இடம் மாறியிருந்தால் ஒயரைத் தொடாதீர்கள், ஃபர்ம்வேர் பட்டியலில் மாற்றிப் போட்டால் போதும்.

ஜாவலின் என்று இன்னொரு ஃபர்ம்வேர் இருக்கிறது. அகராதியே கீபோர்டுக்குள் இருக்கும். ப்ளோவர் நிறுவாத கம்ப்யூட்டரிலும் சொருகியவுடன் எழுதலாம். அலுவலகக் கணினியில் எதையும் நிறுவ விடமாட்டார்கள் என்பவர்களுக்கு நல்ல வழி. ஆனால் முதலில் ப்ளோவரோடு பழகிக்கொள்ளுங்கள்.

தமிழ் வருமா என்று கேட்பவர்களுக்கு: ப்ளோவரோடு வரும் அகராதி ஆங்கிலத்துக்கானது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். அகராதி வெறும் ஜேசான் கோப்பு, அதாவது திறந்து திருத்தக்கூடிய எழுத்துக் கோப்பு. ஒரு பக்கம் அழுத்தம், மறு பக்கம் எழுத்து. அந்த எழுத்து தமிழாகவும் இருக்கலாம். அடிக்கடி எழுதும் பெயர், முகவரி, வாழ்த்து வரிகளைத் தமிழில் போட்டு ஒரே அழுத்தத்தில் கொண்டுவரலாம். அது வெறும் குறுக்குவழி. தமிழுக்கு முழு ஸ்டெனோ முறை வேண்டுமென்றால், குறில் நெடிலை நான்கு கட்டைவிரல் கீயில் எப்படி அடக்குவது என்பதிலிருந்து யோசிக்க வேண்டும்.

படி 6: சிறு குறைகளைத் தீர்ப்பது

அழுத்தம் எப்போது அனுப்பப்படுகிறது? எல்லாக் கீகளும் மேலே வந்த பிறகுதான். அதுவரை எந்தெந்தக் கீ தொடப்பட்டதோ எல்லாம் ஒரே தொகுப்பு. அதனால் ஸ்விட்ச் லேசாக அதிர்ந்து இரண்டு முறை பதிவானாலும் சாதாரணக் கீபோர்டில் வருவதுபோல் எழுத்து இரட்டிக்காது. ஆனால் கடைசியாக மேலே வரும் கீ அதிர்ந்தால், அது தனி அழுத்தமாகப் போய்விடும். சொல்லுக்குப் பின்னால் சம்பந்தமில்லாமல் ஒற்றை எழுத்து ஒன்று அடிக்கடி தொற்றிக்கொண்டு வந்தால் பேப்பர் டேப்பைப் பாருங்கள். எப்போதும் ஒரே கீ என்றால் அந்த ஸ்விட்சை மாற்றுங்கள். வெவ்வேறு கீ என்றால் கியூஎம்கேயில் டீபவுன்ஸ் நேரத்தை (ஸ்விட்ச் அதிர்வு அடங்கக் காத்திருக்கும் நேரம்) 5 மில்லிசெகண்டிலிருந்து கொஞ்சம் கூட்டிப் பாருங்கள்.

அடுத்தடுத்த இரண்டு சொல் ஒட்டிக்கொண்டு ஒரே அழுத்தமாகப் பதிவாகிறதா? ஏதோ ஒரு விரல் முழுதாக எழும்பவில்லை. பெரும்பாலும் கட்டைவிரல். அங்கே கனமான ஸ்பிரிங் போட்டால் சரியாகும்.

வேண்டாத கீ ஒன்று சேர்ந்தே வருகிறதா? விரல் பக்கத்து நெடுவரிசையை உரசுகிறது. அந்த ஓரத்து டாப்பரையோ கீகேப்பையோ அரை மில்லிமீட்டர் தேய்த்துவிடுங்கள். வலது சுண்டுவிரலுக்கு மட்டும் நாலு கீ இருப்பதால் அங்கேதான் இது அதிகம். அந்தக் கடைசி இரண்டு நெடுவரிசைகளுக்கு நடுவிலும் பிளவு குறுகலாக இருக்க வேண்டும், விரல் பக்கவாட்டிலும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். ஆகவே தேய்ப்பதில் நிதானம் வேண்டும்.

உயரமும் சாய்வும் கடைசியாக. நீதிமன்ற இயந்திரங்கள் முக்காலி மேல், மடிக்கு மேலே நிற்கும். முழங்கை தொங்கலாக, மணிக்கட்டு எதிலும் படாமல். தட்டின் அடியில் கால் அங்குல கேமரா நட் ஒன்றைப் பதித்துவிட்டால் சாதாரண கேமரா டிரைபாடிலேயே மாட்டிக்கொள்ளலாம். மேஜையில் வைத்து அடிக்கும்போது வந்த மணிக்கட்டு வலி பலருக்கு இதிலேயே போய்விடுகிறது.

பழைய இயந்திரம் கிடைத்தால்

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஏலத் தளங்களில் பழைய ஸ்டென்டுரா போன்ற இயந்திரங்கள் கண்ணில் படும். விலை மலிவாக இருந்தால் முதலில் பின்பக்கப் படம் கேளுங்கள். சீரியல் போர்ட் இருந்தால் யூஎஸ்பி சீரியல் அடாப்டர் போட்டு ப்ளோவரோடு பேச வைக்கலாம். ப்ளோவரின் இயந்திரப் பட்டியலில் அந்த மாடல் வகை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேபிள் எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல, அந்தந்த மாடலுக்கு உரியதைக் கேட்டு வாங்குங்கள். காகிதச் சுருளில் மட்டும் அச்சடிக்கும் முழு மெக்கானிக்கல் மாடலில் கம்ப்யூட்டருக்கு எந்த வழியும் இல்லை. ஒவ்வொரு கீயின் நெம்புகோலுக்கு அடியிலும் ஒரு மைக்ரோ ஸ்விட்ச் பொருத்தி, மேலே சொன்ன அதே 23 ஒயரைப் பைக்கோவுக்குக் கொண்டுபோகலாம். பொறுமை உள்ளவர்களுக்கு அருமையான வேலை அது. கீகளின் பிளவு ஏற்கெனவே அளவாக இருக்கும், நீங்கள் அதில் கைவைக்கவே வேண்டாம். திறந்தவுடன் மைப்பட்டையை அப்புறப்படுத்திவிட்டு, நெம்புகோல்களின் மூட்டில் இறுகிய பழைய எண்ணெயை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தெடுங்கள். அதற்குப் பிறகு கீ எவ்வளவு லேசாக இறங்குகிறது என்று பார்த்துவிட்டு மைக்ரோ ஸ்விட்ச் வாங்கப் போங்கள். கனமான ஸ்விட்ச் வாங்கிப் போட்டால் அந்த லேசு முழுக்கப் போய்விடும்.